காகிதத்தில் எல்லா மரமும் நேர்தான்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதித் தரப்பட்டது.)



என்னை அறிமுகம் செய்தவர் ‘மங்களூர்க்காரர்’ என்று சொன்னதும், முன்வரிசையில் ஒரு தம்பி பக்கத்திலிருந்தவரிடம் “ஓட்டு ஃபாக்டரியாடா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. பீங்கான் ஊரில் படிக்கிற பையனுக்கு மங்களூர் என்றால் ஓடுதான் ஞாபகம் வரும், தப்பில்லை. ஆனால் என் ஊர் கர்நாடகத்து மங்களூர் இல்லை, தம்பி. நம் கடலூர் மாவட்டத்தில், திட்டக்குடிப் பக்கத்து மங்களூர். மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற மானாவாரி மண். அங்கிருந்து பஸ் பிடித்து விருத்தாசலம் வந்து படித்து, பிறகு முப்பது வருஷம் சூளையோடு குடும்பம் நடத்தியவன் நான்.

அப்படிப்பட்ட ஆளை “மர வேலை பற்றிப் பேசுங்கள்” என்று சங்கத்தார் ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். என் வீட்டில் இருக்கிற மேஜை, ஸ்டூல், பெஞ்சு, புத்தக அலமாரி எல்லாம் நானே செய்தது. செய்வதற்கு முன்னால் கெடுத்தது அதைவிட அதிகம். இந்தக் கெடுத்த கதை மாணவர்களுக்குப் பயன்படும் என்று நினைத்திருக்கிறார்கள். அதையே சொல்கிறேன்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு புயல். 2011 டிசம்பர் 30 அன்று காலை ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. இங்கே உள்ள பெரியவர்களுக்கு நான் அதை வர்ணிக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. என் மனைவியின் பிறந்த வீடு அந்தப் பக்கம்தான். போனோம். என் மாமனார் கையால் வைத்த பலா மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஊர் முழுக்க மரம் விழுந்து கிடக்கும்போது மரத்துக்கு விலை ஏது? வந்த வியாபாரி விறகு விலை சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் எடுத்துப் போக லாரி கிடைக்கவில்லை. என் மைத்துனர் மட்டும், “மாமா, தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நம்ம பலாவைத்தான் தேடி வந்து வாங்குவாங்க. அதைப் போய் அடுப்புல வைக்கச் சொல்றாங்களே” என்று சொல்லிவிட்டு அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

மற்றதெல்லாம் போனது போக, ஒரே ஒரு அடிமரத்தை மட்டும் நான் கேட்டு வாங்கி, பிப்ரவரியில் அறுவை மில்லில் பலகையாகவும் சட்டமாகவும் அறுத்து மங்களூருக்குக் கொண்டு வந்தேன். அந்த மரத்தில் ஏதாவது ஒரு சாமான் செய்து வீட்டில் வைக்க வேண்டும், அதையும் நானே செய்ய வேண்டும் என்று ஒரு வைராக்கியம். கையில் ஒரு வரைபடமும் இருந்தது. வெளிநாட்டு வரைபடம், எழுதுகிற மேஜை, அளவெல்லாம் துல்லியமாகப் போட்டிருந்தது. டிராயிங் பேப்பரில் நல்ல மார்க் வாங்கியவன் ஆயிற்றே! இது என்ன பெரிய விஷயம் என்று இறங்கினேன்.

மார்ச்சில் மேஜை முடிந்தது. நான்கு பலகைகளை ஒட்டி மேல்பலகை, அதைச் சுற்றிலும் சட்டம் வைத்து ஃபெவிகால் போட்டு, திருகாணியும் இறுக்கி, அசையாமல் பிடித்துவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மத்தியானம், பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஓடி வந்து பார்த்தால் மேல்பலகை நடுவே நீளவாக்கில் பிளந்திருந்தது. சுண்டு விரல் போகிற இடைவெளி.

எங்கள் ஊரில் ஒரு தச்சர் இருந்தார். வயதானவர். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, காகிதத்துல எல்லா மரமும் நேராத்தான் இருக்கும்.”

நண்பர்களே, நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு வாக்கியம்தான். வரைபடம் வேண்டும். வரைபடம் இல்லாமல் புதியவன் மரத்தைத் தொடவே கூடாது. ஆனால் அதைப் போட்டவருக்கு உங்கள் மரமும் தெரியாது, அதில் உட்காரப் போகிறவரையும் தெரியாது. அந்த இரண்டையும் அளந்து பார்ப்பது செய்கிறவன் பொறுப்பு.

முதலில் மரத்தைப் பார்ப்போம். எனக்கு வந்த வெட்கம் என்னவென்றால், நான் செய்த தப்பு பீங்கான் படித்தவன் செய்யவே கூடாத தப்பு. பச்சை மண்ணில் செய்த பொருள் காய்ந்து வெந்து வெளியே வரும்போது சுருங்கும் என்பது நமக்கு முதல் வருஷப் பாடம். பத்து, பன்னிரண்டு சதவீதம் சுருங்கும் என்று கணக்குப் போட்டு அச்சையே பெரிதாகச் செய்கிறோம். மரமும் அப்படித்தான். வெட்டின மரத்தில் தண்ணீர் இருக்கிறது. அது வெளியேறும்போது மரம் சுருங்கும். மண்ணுக்கும் மரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மண் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கும். மரம் நீளவாக்கில் சுருங்குவதே தெரியாது. அகலவாக்கில்தான் சுருங்கும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடக்கமான மரம் என்று பேர் வாங்கிய தேக்குகூட, பச்சையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள் ஒரு திசையில் இரண்டரை சதவீதமும் மற்றத் திசையில் ஐந்து சதவீதத்துக்கு மேலும் சுருங்குகிறது. பலகை ஏன் கேடயம் மாதிரி வளைகிறது, சட்டம் ஏன் முறுக்கிக்கொள்கிறது என்பதற்கு இந்த ஏற்றத்தாழ்வுதான் காரணம்.

ஆகவே முதல் விதி: காய்ந்த மரம். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய கணக்கு. பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே அடுக்காமல், நடுநடுவே சின்ன ரீப்பர் துண்டுகள் வைத்து, காற்று புகுந்து வருகிற மாதிரி அடுக்க வேண்டும். காய்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நம் லேபில் களிமண் மாதிரியை எடை மாறாத வரை உலர்த்துவோமே, அதே வேலைதான். ஒரு துண்டை வெட்டி எடுத்து, மளிகைக் கடைத் தராசில் வாரா வாரம் நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை குறைவது நின்றுவிட்டால், அந்த மரம் உங்கள் ஊர்க் காற்றோடு சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது விதி: காய்ந்த மரமும் சும்மா இருக்காது. ஐப்பசி மழையில் கொஞ்சம் ஊதும், சித்திரை வெயிலில் கொஞ்சம் இளைக்கும். இரண்டடி அகல மேஜைப் பலகை வருஷத்துக்குள் நான்கைந்து மில்லிமீட்டர் போய் வரும். அதைப் பசை போட்டு நாலு பக்கமும் கட்டிப் போட்டால், அது தன்னையே கிழித்துக்கொள்ளும். என் மேஜை அதைத்தான் செய்தது. கீழ்ச்சட்டத்தில் திருகாணிக்கு வட்டத் துளை போடாமல், பலகையின் அகல வாக்கில் நீண்ட துளையாகப் போட்டுவிட்டால் போதும். பலகை நகரும், மேஜை நிற்கும். ஐந்து நிமிஷ வேலை. அது என் வரைபடத்தில் இல்லை. அதைப் போட்டவர் ஊரில் ப்ளைவுட் வைத்துச் செய்திருப்பார்.

வரைபடத்தைப் பற்றி இன்னொன்று. இன்றைக்குச் செல்போனைத் திறந்தால் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் ஆயிரம் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அமெரிக்க வரைபடம் அதிகம். ‘டூ பை ஃபோர்’ என்று எழுதியிருப்பார்கள். இரண்டுக்கு நான்கு அங்குலம் என்று நாம் மில்லில் போய்ச் சொல்வோம். ஆனால் அந்த ஊர்க் கடையில் அந்தப் பெயரில் விற்பது, இழைத்து முடிந்த ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். மற்ற அளவெல்லாம் அந்த ஒன்றரையை வைத்துத்தான் போட்டிருப்பார்கள். நம் சட்டம் அந்த இடத்தில் போய்ச் சேராது. அதோடு, அவர்கள் செய்வது மெதுமெதுப்பான பைன் மரத்தில். திருகாணியை நேராகவே முடுக்கிவிடுவார்கள். நம் வேம்பிலும் பலாவிலும் அப்படி முடுக்கினால் ஓரம் பிளக்கும். முதலில் மெல்லிய துளை போட்டுக்கொண்டுதான் முடுக்க வேண்டும்.

சரி, நான் அந்த மேஜையைப் பிளக்க விட்ட பிறகு வீட்டில் என்ன பேச்சு வந்தது என்று நினைக்கிறீர்கள்? மரம் வீணானது பற்றி ஒருவரும் பேசவில்லை. “படிச்சவன் உளி பிடிச்சா இப்படித்தான். ஆசாரியைக் கூப்பிட்டு வேலையை விட வேண்டியதுதானே?” என்றார்கள். இந்தப் பேச்சுக்கு இரண்டு பதில் உண்டு.

முதல் பதில் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1910இல் ஜொகானஸ்பர்க் அருகே காந்தியடிகளும் சத்தியாகிரகக் குடும்பங்களும் தங்குவதற்கு, ஹெர்மன் காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர் சுமார் 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றிக் கொடுத்தார். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே இருந்தவர்களில் நம் தமிழர்களும் உண்டு. பள்ளிக்கும் குடியிருப்புக்கும் பெஞ்சு வேண்டும், பெட்டி வேண்டும். சிறியதும் பெரியதுமாக எல்லாவற்றையும் தாங்களே செய்துகொண்டதாகக் காந்தியடிகள் எழுதியிருக்கிறார். காலன்பாக்குக்குத் தச்சு வேலை கொஞ்சம் தெரியும், இன்னொருவருக்கும் தெரியும். அந்த இரண்டு பேரை வைத்துப் பண்ணையில் ஒரு சின்னத் தச்சு வகுப்பே நடந்தது. பாரிஸ்டர் இருந்த இடத்தில் நடந்தது, கவனியுங்கள்.

இரண்டாவது பதில் நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ என்ற விடுதியை அன்டோனின் ரேமண்ட் என்பவர் வடிவமைத்தார். அந்த வேலைக்காக 1937இல் வந்தவர் ஜார்ஜ் நகஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், எம்.ஐ.டி.யில் கட்டடக் கலை படித்தவர். கட்டடத்தை மேற்பார்வை செய்ய வந்த மனிதர், அறைகளுக்கு வேண்டிய தேக்குச் சாமான்களையும் வடிவமைத்தார். இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சத்தவரைப் பிடித்து முகாம்களில் அடைத்தபோது, ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் அவரையும் குடும்பத்தோடு வைத்தார்கள். அங்கே இருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் அவர் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். எம்.ஐ.டி. படித்தவர், முள்வேலிக்குள் ஒரு தச்சருக்குச் சீடராக உட்கார்ந்தார். பிற்காலத்தில் உலகம் மெச்சுகிற மரக் கலைஞர் ஆனார். 1964இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்து பணி செய்தார். பலகையில் இருக்கிற பிளவை மறைக்காமல், அது மேலும் ஓடாதபடி வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு மரத்துண்டைக் குறுக்கே இறக்கிப் பிடித்துவிடுவது அவருடைய கை முத்திரை. என் மேஜைப் பிளவை அந்த வழியில்தான் எங்கள் ஊர்த் தச்சரும் பிடித்துக் கொடுத்தார். அவர் நகஷிமாவைக் கேள்விப்பட்டவர் இல்லை. அது அவர் அப்பா செய்த முறையாம்.

இந்தக் கதைகளை நான் பெருமையாக அந்தப் பெரியவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே உளியைத் தீட்டினார். பிறகு சொன்னது இது: “நல்லதுதான் தம்பி. நீங்க செஞ்சா பொழுதுபோக்குன்னு பாராட்டுவாங்க. என் பையன் செஞ்சா குலத்தொழில்னு ஒதுக்குவாங்க. அதான் அவன் உளியைத் தொட மாட்டேங்கறான்.” அவர் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நான் மறக்கவில்லை. கடைசியில் அதற்கு வருகிறேன்.

அவர் எனக்குக் கொடுத்த முதல் பாடம் மேஜை இல்லை, ஸ்டூல். “சின்னதா தப்பு பண்ணுங்க, சீக்கிரம் பண்ணுங்க” என்றார். மாணவர்களுக்காக அந்த ஸ்டூல் கணக்கைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். மேல்பலகை 30க்கு 30, கனம் இரண்டரை. அப்படியானால் கால் நாற்பத்திரண்டரை. நாலு காலுக்கு 170 சென்டிமீட்டர் சட்டம் போதும் என்று தோன்றும். போதாது. ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் மரத்தைத் தின்னும், நுனிகளையும் சதுரமாக்க வேண்டும். 175 வாங்குங்கள்.

கால் சட்டம் நாலுக்கு நாலு சென்டிமீட்டர். கால்களின் வெளி அளவு 26 என்றால், இரண்டு காலுக்கும் நடுவில் 18. குறுக்குச் சட்டத்தை 18 என்று அறுத்தேன் நான். பெரியவர் சிரித்தார். சட்டத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கிக் காலில் போட்ட துளைக்குள் இறக்க வேண்டுமே, அந்த நாக்குக்கு மரம் எங்கே? பக்கத்துக்கு ஒன்றரை சேர்த்து 21 அறுக்க வேண்டும். ஏன் இரண்டு இல்லை, ஒன்றரை? காலின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு நாக்கு வருகிறது. நடுவில் துளை போட்டு, நாக்கு ஒரு சென்டிமீட்டர் கனம் என்றால், ஒன்றரைக்கு மேல் ஆழமாகப் போனால் காலுக்குள்ளே ஒன்றோடொன்று முட்டும். இதைத் தலையில் நினைத்துப் பார்த்தால் புரியாது. முழு அளவில் ஒரு அட்டையில் வரைந்து பாருங்கள், உடனே தெரியும். வரைபடத்தின் உண்மையான பயன் இதுதான். தப்பை மரத்தில் செய்யாமல் காகிதத்தில் செய்துவிடலாம்.

ஸ்டூல் ஆடினால் என்ன செய்வது? நான் செய்த மாதிரி ஒரு காலை அறுத்து, பிறகு அடுத்த காலை அறுத்து, ஸ்டூலை மணைக்கட்டை ஆக்காதீர்கள். சமமான பலகை மேல் நிறுத்தி, ஆடுகிற காலுக்குக் கீழே அட்டை சொருகி, ஆடாமல் மட்டமாக நிற்க வையுங்கள். ஒரு சின்னக் கட்டை மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அந்தக் கட்டையை நகர்த்தி நாலு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். கோட்டில் அறுங்கள். முடிந்தது.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஒரு கை ரம்பம், ஒரு இழைப்புளி, கால் அங்குலத்தில் ஒன்றும் முக்கால் அங்குலத்தில் ஒன்றும் உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், அளவு டேப், நாலு கிளாம்ப், உப்புத்தாள். மூலைமட்டத்தில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். அது கோணினால் எல்லாம் கோணும். உளியை 25, 30 டிகிரி சரிவில் தீட்டி வையுங்கள். மழுங்கின உளிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். தீட்டுகிற சாணைக்கல் நமக்குச் சொந்தக்காரன்தான், அதுவும் சூளையில் வெந்து வந்த பொருள். உளி போகிற பாதையில் மற்றக் கையை வைக்காதீர்கள். மின்சார ரம்பம் வாங்கினால் கண்ணாடி மாட்டாமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

மூன்றாவதாகப் புத்தக அலமாரி செய்தேன். அதில் ஒரு பாடம். பலகை எவ்வளவு நீளத்துக்குத் தாங்கும்? புத்தகத்தைப் பலகை நிறைய அடுக்கினால், தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். தாங்கலுக்குத் தாங்கல் 60 சென்டிமீட்டர் இருந்ததை 90 ஆக்கினால் தொய்வு ஐந்து மடங்கு. அதே சமயம் பலகையின் கனத்தை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்று. அழகுக்காக நீளமாக வைத்துவிட்டு, ஒரு வருஷம் கழித்துப் புத்தகம் எல்லாம் நடுவில் வந்து சாய்கிறதே என்று வருத்தப்பட வேண்டாம். நடுவே ஒரு தாங்கல் வையுங்கள்.

மரம் ஆயிற்று, இனி ஆள். நான் ஒழுங்காகச் செய்த முதல் சாமான் என் அம்மாவுக்கு ஒரு பெஞ்சு. அம்மாவால் தரையில் உட்கார்ந்து எழ முடியவில்லை, முழங்கால் வலி. மாமனார் வைத்த பலாவில், வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுத்து, ஒன்றேகால் வருஷம் காய்ந்த பிறகு செய்தேன். மஞ்சள் நிறம் அப்படியே தங்கமாட்டம் இருந்தது. போகப் போகத் தேன் நிறமாகும். வரைபடத்தில் உட்காருமிடம் 45 சென்டிமீட்டர் என்று இருந்தது, அப்படியே செய்தேன். துளி ஆட்டம் இல்லை. திண்ணையில் போட்டேன்.

பத்து நாள் கழித்துத்தான் கவனித்தேன். அம்மா பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் காலுக்குக் கீழே பழைய மணைக்கட்டையை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். அம்மா ஐந்தடிக்கும் குறைவு. பாதம் தரையில் படவில்லை. மகன் ஆசையாகச் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குத்தான் டேப்பை எடுத்து, அம்மாவின் முழங்கால் மடிப்பிலிருந்து பாதம் வரை அளந்தேன். 39. முதலிலேயே அளந்திருக்க வேண்டிய அளவு! பெஞ்சின் கால்களை ஐந்து சென்டிமீட்டர் அறுத்தேன். ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவே விட்டேன், முழங்கால் வலிக்காரருக்குச் சற்று உயரம் இருந்தால் எழுந்திருக்கச் சுலபம் என்பதால். அம்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இப்பத்தான் இது என் பெஞ்சு” என்றார். எத்தனையோ சான்றிதழ் வாங்கியிருக்கிறேன், நண்பர்களே. இது மாதிரி ஒன்று வாங்கியதில்லை.

கடையில் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நாமே செய்ய நேரமும் கிடையாது. ஆனால் ஒன்றைச் செய்தவன் கண்ணுக்கு மற்றதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். இத்தாலியில் என்சோ மாரி என்ற வடிவமைப்பாளர் 1974இல் 19 சாமான்களுக்கு வரைபடம் போட்டு, தபால் செலவை மட்டும் அனுப்புகிறவர்களுக்கு இலவசமாக அனுப்பி வைத்தார். சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல், இவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், ஆலைகளும் வியாபாரிகளும் மட்டும் செய்து விற்கக் கூடாது. ஒரு முறை கையால் செய்து பார்த்தால், விற்பனைக்கு இருக்கிற பொருளை மக்கள் எடைபோடக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். அது உண்மை. இன்றைக்குக் கல்யாணச் சீருக்கு வருகிற பளபளப்பான கட்டிலையும் பீரோவையும் நான் கீழே குனிந்து பார்க்கிறேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மர வண்ணத் தாள். வெள்ளம் வருகிற மாவட்டத்தில், ஒரு தடவை தண்ணீர் நின்றால் ரொட்டி மாதிரி ஊறிவிடும். பெண்ணைப் பெற்றவர் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். தெரிந்து வாங்கினால் பரவாயில்லை. தெரியாமல் வாங்குவதுதான் வருத்தம்.

கடைசியாக, அந்தப் பெரியவர் கேட்டதற்கு வருகிறேன். நான் செய்தால் பொழுதுபோக்கு, அவர் மகன் செய்தால் குலத்தொழில். இந்த ஓரவஞ்சனைக்கு மேடையில் பேசிப் பதில் சொல்ல முடியாது. செய்துதான் சொல்ல வேண்டும். பெரியவர் இன்று இல்லை. அவரிடம் நான் கற்றதற்குச் சாப்பாடும் காபியும் கொடுத்தேனே தவிர, ஆசிரியர் என்று ஒரு சம்பளம் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அது என் குறை.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியின் படிப்பறைக்கு ஸ்டூல் வேண்டும் என்று இன்று காலை பொதுக்குழுவில் பேசினீர்கள். வாங்கிப் போட வேண்டாம். மரம் என் பொறுப்பு, நன்றாகக் காய்ந்த மரமாகவே தருகிறேன். மாணவர்கள் செய்யட்டும். கற்றுக்கொடுக்க, நம் வட்டாரத்தில் இன்னும் உளி பிடிக்கிற ஒரு தச்சரை அழைப்போம். கூலி என்று கொடுக்காமல், வருகைப் பேராசிரியருக்குக் கொடுக்கிற மாதிரி மதிப்பூதியம் கொடுப்போம். அவர் வகுப்புக்குள் வரும்போது மாணவர்கள் எழுந்து நின்று “வணக்கம் ஐயா” என்று சொல்லட்டும். அந்த வகுப்பில் ஒரு தச்சர் வீட்டுப் பையனும் உட்கார்ந்திருந்தால், அவன் கை தானாகவே உளியை நோக்கிப் போகும் என்று நான் நம்புகிறேன்.

தம்பி தங்கைகளே, முதல் ஸ்டூல் ஆடும். இரண்டாவதும் கொஞ்சம் ஆடும். பயப்படாதீர்கள். வரைபடத்தைப் படியுங்கள், மரத்தை நிறுத்துப் பாருங்கள், உட்காரப் போகிறவரை அளந்து பாருங்கள். பிறகு அறுங்கள்.